துணிக்கு மூச்சு முட்டாது

சனாவுல்லா பாய் மேல் எனக்கு ரொம்ப வருஷத்துக் கடுப்பு ஒன்று உண்டு. காக்க வைத்தே என் தலைமுடியைக் கொட்ட வைத்த மனுஷன் அவர்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகர ஷெட்டு ஒன்று, தையல் மெஷின் இரண்டு வரிசை, நீளமாக ஒரு கட்டிங் டேபிள். எக்ஸ்போர்ட்காரர்கள் துணி அனுப்புவார்கள், நாங்கள் வெட்டித் தைத்துக் கொடுப்போம். பாய்தான் என்னுடைய கட்டிங் மாஸ்டர். துணி சாயப்பட்டறையிலிருந்து ரோலாகச் சுற்றி வரும். இழுத்து இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். அதை வந்த உடனே வெட்டக் கூடாது. பிரித்து, உதறி, ரேக்கில் தளர்வாகப் போட்டு ஒரு நாள் விட்டுவிட வேண்டும். அப்போதுதான் இழுபட்ட துணி சுருங்கித் தன் அளவுக்குத் திரும்பும்; துணி 'எறங்கறது' என்பார் பாய். இது பாயின் சட்டம். தொழிலின் சட்டமும் அதுதான். ஆனால் சட்டப்படி நடப்பதற்கா இந்த ஊரில் கம்பெனி நடத்துகிறோம்?

எக்ஸ்போர்ட் ஆபீஸ் பிரபாகர் போனில் கத்துவான். நான் பாயிடம் கத்துவேன். பாய் யாரிடமும் கத்தமாட்டார். ரேக்குக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு, காவல் நாய் மாதிரி உட்கார்ந்துகொள்வார். தலைக்கு மேலே ஒரு அட்டை தொங்கும். அவரே மார்க்கரில் எழுதியது: 'துணி ஓய்வில் இருக்கிறது. யாரும் தொடக்கூடாது.' மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுப்பதே பெரிய பாடு. இங்கே துணிக்கு ஓய்வு!

"ஏனுங் பாய், பாதி நாள் போட்டாப் பத்தாதுங்களா?" என்று கெஞ்சுவேன்.

"பாதி வெந்த சோத்தத் திம்பீங்ளா மொதலாளி?" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

பக்கத்து ஷெட் தங்கவேலு இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் ஒரு தடவை வந்த துணியை வந்த கையோடு வெட்டித் தைத்து அனுப்பினார். ஒரே சலவையில் டீ-ஷர்ட் எல்லாம் தொப்புளுக்கு மேலே ஏறிவிட்டது. சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. அவர் வீட்டில் மாமனார் முதல் மச்சினன் வரைக்கும் அந்த நீல டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வயிறு தெரியத் திரிந்தார்கள். அதைப் பார்த்த பிறகும் நான் பாயிடம் சண்டை போடுவதை விடவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட பொறுமைசாலிக்கு ஆஸ்துமா. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பாய் சோமனூர்க்காரர். அவருடைய அத்தா விசைத்தறி ஓட்டியவர். தொட்டிலுக்குப் பக்கத்திலேயே தறி. அங்கிருந்து கிளம்பி எங்கே வந்து சேர்ந்தார்? பனியன் கம்பெனிக்கு. பிறந்ததிலிருந்து பஞ்சைத்தான் இழுத்திருக்கிறார். நடுவில் கொஞ்சம் காற்றும் கலந்திருக்கும். ஆள் வருவதற்கு முன்னாலேயே நெஞ்சின் சத்தம் வந்துவிடும். குக்கரில் விசில் கிளம்பும் முன் ஒரு கீச்சுச் சத்தம் வருமே, அதே சத்தம். செக்கிங்கில் இருக்கும் பழனியம்மாள் அதைக் கேட்டுத்தான் வாயை மூடி வேலை செய்கிறவள் மாதிரி குனிவாள். மாஸ்டர் வருகிறார் என்று சொல்ல என் கம்பெனியில் தனியாக ஆள் தேவைப்பட்டதில்லை.

இழுப்பு அதிகமானால் பாய் நேராகத் தெருமுனையில் இருக்கும் முக்கு கிளினிக்குக்குப் போவார். அந்த டாக்டர் என்ன ஏது என்று கேட்கமாட்டார், ஊசியை எடுப்பார். போட்ட கொஞ்ச நேரத்தில் பாய் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வருவார். "பாத்தீங்ளா? இது வைத்தியம்!" மாதத்துக்கு ஒரு தடவை என்று இருந்தது, வாரத்துக்கு ஒரு தடவை ஆனது. மனுஷன் அசரவில்லை. ஊசி வேலை செய்கிறது, அப்புறம் என்ன?

போன ஆடியில் காற்று ஊரையே புரட்டிப் போட்டது. ஷெட்டுக்குள் பஞ்சு பனி மாதிரி பறந்தது. பாய் டேபிளில் துணி விரித்துக்கொண்டிருந்தவர், அப்படியே அதன் மேல் சாய்ந்துவிட்டார். உதடு நீலம். பேச முடியவில்லை. ஆனால் கையை மட்டும் ஆட்டினார். என்னவென்று குனிந்து கேட்டால், 'துணி கசங்குது' என்கிறார். அந்த நிலைமையிலும்! ஆள் ஏற்றும் கம்பெனி வேனில் துணி மூட்டையோடு மூட்டையாகக் கிடத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா, பெயர் தரணி. இரண்டு நாள் படுக்க வைத்துத் தேற்றிவிட்டு, பாயையும் அவர் சம்சாரம் சைதுன்னிசாவையும் என்னையும் உட்கார வைத்துப் பேசினார்.

"ஐயா, இனி அந்த ஊசி வேண்டாம். அது அப்போதைக்கு அடக்கும், அவ்வளவுதான். உள்ளே மூச்சுக்குழாய் வீங்கிப் போயிருக்கு. இந்தப் புது இன்ஹேலரை தினமும் காலையில சாயங்காலம் இழுக்கணும். இழுத்ததும் வாயக் கொப்பளிச்சிரணும். இது வீக்கத்தை மெதுவாத்தான் குறைக்கும். இன்னொண்ணு, இந்த நீலக் கலர், திடீர்னு முட்டினா அடிக்கறதுக்கு. அதுலயும் அடங்கலைன்னா நேரா இங்கதான் வரணும்."

"எப்பக் கண்ணு சரியாகும்?" என்றார் பாய்.

"சில வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ரெண்டு மூணு மாசம்கூட ஆகலாம்."

பாய் என்னைப் பார்த்தார். நான் ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி பார்த்தார். "துணிக்கே ஒரு நாள்தானுங்க கண்ணு," என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. புரிந்த எனக்கு, ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல், சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க சார்," என்றார் அவர். "நடுவுல இதை நிறுத்திட்டு மறுபடி ஊசிக்குப் போனாருன்னா, அடுத்த தடவை இவரை வேன்ல இருந்து உயிரோட எறக்குவீங்களான்னு எனக்குத் தெரியாது."

சைதுன்னிசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. முதல் நாள் பாய் அந்த இன்ஹேலரை எப்படி அடித்தார் தெரியுமா? துணியில் எண்ணெய்க் கறை பட்டால் பீய்ச்சி எடுக்க செக்கிங்கில் ஒரு கன் வைத்திருப்போம். அதைப் பிடிக்கிற மாதிரியே ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வாயைத் திறந்து, கறையைக் குறி பார்க்கிற மாதிரி அடித்தார். மருந்து பாதி தாடிக்குப் போனது. சைதுன்னிசா டாக்டரம்மாவுக்கு வீடியோ போட்டுக் காட்டி, திட்டு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் குழாயை நடுவில் மாட்டி இழுக்கப் பழக்கிவிட்டது.

இழுத்துவிட்டு சேரில் உட்கார்ந்துகொள்வார். டீ சொல்லிவிட்டுக் காத்திருக்கிற ஆள் மாதிரி வாசலைப் பார்ப்பார்.

"என்னுங் பாய்?"

"ஒண்ணும் வரலீங்க."

"என்ன வரோணும்?"

"சொகம்."

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் முடிவதற்குள் அந்த மருந்துக்கு எத்தனை பெயர் வைத்தார் தெரியுமா? வெறுங்காத்து என்றார். வாசனை இல்லாத அத்தர் என்றார். சைதுன்னிசா எனக்குப் போன் போட்டு அழும். "ஏனுங்ண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்க. ஊட்ல ஒரே சத்தம். கண்ணுக்குத் தெரியாத மருந்துக்கு வாய் வேற கொப்பளிக்கணுமாங்கறாங்க." துணிக்கு முன்னால் சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கும் மனுஷன், வீட்டில் பால் பொங்குவதற்குள் நாலு தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது.

நான் ரொம்ப வருத்தப்பட்டேன் என்று எழுதினால் பொய். நாள் தவறாமல் கேட்டேன்: "என்னுங் பாய், பாதி வெந்துருச்சுங்களா?" இத்தனை வருஷத்துக் கடனை வட்டியோடு வசூல் பண்ணுகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடிப்பார்.

ஆனால் பாய் சும்மா காத்திருப்பாரா? துணி ஒன்றை அவர் நம்ப வேண்டுமானால் ஒரு வழிதான் உண்டு. ரோலிலிருந்து ஒரு சதுரம் வெட்டி, அளந்து, புள்ளி வைத்து, அலசிக் காய வைத்து, மறுபடி அளப்பார். எவ்வளவு சுருங்கியது என்று கண்ணால் பார்த்தால்தான் துணி. மில் கொடுக்கிற சர்டிபிகேட்டைப் படிக்கக்கூட மாட்டார். "சொல்றது எல்லாருஞ் சொல்லுவாங்க. தண்ணிக்குள்ள போட்டாத்தான் தெரியும்."

அதே பரீட்சையைத் தனக்கே வைத்துப் பார்த்தார்.

எங்கள் ஊர் கம்பெனிகளில் ஒரு பழக்கம். சாயங்காலம் பெல் அடித்ததும் கம்ப்ரசர் பைப்பை எடுத்து, உடம்பிலும் தலையிலும் ஒட்டிய பஞ்சை ஆளுக்கு ஆள் காற்றடித்து ஊதிவிடுவார்கள். வீட்டுக்கு மனுஷன் மாதிரி போக வேண்டுமே. அந்த நேரம் ஷெட்டுக்குள் யார் முகமும் தெரியாது. ஷெட்டுக்குள் எப்போதும் மாஸ்க் போட வேண்டும், அந்த நேரத்தில் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று பாயிடம் டாக்டரம்மா சொல்லியிருந்தார். பாயும் பெல் அடிக்கும் முன்பே வெளியே போய்விடுவார். ஆனால் அன்றைக்கு, மருந்து ஆரம்பித்து இரண்டாவது வாரம், பஞ்சு மண்டலத்துக்கு நடுவில் போய் நின்று, மாஸ்க்கையும் கழற்றிவிட்டு, பைப் பிடித்திருந்த பையனிடம் சொன்னாராம்: "அடிப்பா. நல்லா மூஞ்சிக்கு நேரா அடி. மருந்து வேல செய்யுதான்னு பாக்கோணும்."

அவன் பீகார்க்காரன். மாஸ்டர் சொன்னால் சொன்னது. அடித்தான்.

பழனியம்மாள் போட்ட சத்தம்தான் எனக்குக் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் பாய் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, மூச்சை எங்கேயோ ஆழத்திலிருந்து இறைத்துக்கொண்டிருக்கிறார். வெளியே தூக்கிக்கொண்டு போய், சேரில் உட்கார வைத்து, நீலத்தை டாக்டரம்மா சொன்னபடி அடித்து, வேனை ஸ்டார்ட் செய்து தயாராக நிறுத்தினோம். நல்ல வேளை, மெதுவாக அடங்கியது. பாயின் கோபம்தான் அடங்கவில்லை.

"பாத்தீங்ளா? பாத்தீங்ளா? டெஸ்ட்டுல பெயிலு! மருந்து தண்டம்!"

"மருந்தா பெயிலு?" என்றாள் பழனியம்மாள். "ஏனுங் மாஸ்டர், நல்ல ஆளுங்களே கண்ணக் கட்டீட்டு ஓடற தூசிக்குள்ள போயி நின்னுட்டு! ரயிலு முன்னாடி நின்னுட்டு குடையக் கொற சொல்லுவீங்களாட்ட இருக்குது." சொல்லிவிட்டு உள்ளே போனவள், ரேக்கிலிருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து பாய் உட்கார்ந்திருந்த சேரின் முதுகில் மாட்டினாள். 'துணி ஓய்வில் இருக்கிறது. யாரும் தொடக்கூடாது.' வேலை முடிந்து கிளம்பின கூட்டம் மொத்தமும் சிரித்தது.

பாய் சிரிக்கவில்லை. எழுந்து ஸ்கூட்டியை எடுத்தார்.

"எங்கீங்க?"

"முக்கு கிளினிக்கு. ஒரு ஊசி. காலைல நான் சிங்கமாட்ட வருவேன்."

நான் சாவியைப் பிடித்துக்கொண்டேன். "பாய், டாக்டரம்மா என்ன சொல்லுச்சு? ரோலப் பிரிச்ச ஒரு மணி நேரத்துல அளந்து பாத்துட்டு, துணி ஆகாதுன்னு நீங்க தூக்கிப் போட்டிருக்கறீங்ளா? ஒரு நாள் உடோணும்னு என்னையப் போட்டு எத்தன வருசமா அரைச்சிருக்கறீங்க? உங்களுக்கு மட்டும் சட்டம் வேறீங்களா?"

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் இன்னும் தண்ணீர் நின்றது.

"துணிக்கு மூச்சு முட்டாதுங்க மொதலாளி," என்றார். "அதனால அது பேசாமக் கெடக்குது."

அந்த அட்டையைக் கொண்டு வந்து என் வாய் மேல் மாட்டியிருக்கலாம். இரண்டு வாரமாக நான் அடித்த கேலி எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என் மூச்சு நன்றாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் எனக்கு அத்தனை கேலி வந்தது.

பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது மிரட்டல் ஒன்றுதான். அன்று மத்தியானம் வந்த ரோல், பிரித்து ரேக்கில் போட்டு அரை நாள்கூட ஆகவில்லை. நான் சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"போங்க. தாராளமாப் போங்க. நீங்க அந்த கேட்டத் தாண்டினீங்கன்னா நான் அந்தத் துணிய டேபிள்ல போட்டு வெட்டறேன்."

பாய்க்கு முதலில் புரியவில்லை. "எந்தத் துணிய?"

"மத்தியானம் வந்தத."

"அது இன்னும் எறங்கவேயில்லீங்களே!"

"எறங்காட்டிப் போகுது. ஏ பழனியம்மா, அந்தக் கட்டிங் மெஷினுக்குப் பிளக்கு சொருகு."

அவளும் லேசுப்பட்டவளா? "சொருகியாச்சுங்!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். மெஷின் கத்தி கொர்ரென்று ஓடும் சத்தம் வாசல் வரைக்கும் வந்தது. வெறும் கத்திதான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். பாய்க்குத் தெரியாது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தன் மூச்சு நின்றபோதுகூட அந்த முகம் அப்படிப் போகவில்லை. ஸ்கூட்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் மதில்மேல் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"நிறுத்துங்க! மனுசங்களா நீங்கெல்லாம்?"

"ஊசிக்குப் போறீங்களா?"

"போகலீங்க. மெஷின நிறுத்தச் சொல்லுங்க மொதல்ல."

அன்று வாசலிலேயே ஒப்பந்தம் போட்டோம். பாய் அந்த மருந்தை விடாமல் இழுக்கிற வரைக்கும், ஓய்வு முடியாத துணியை நான் தொடமாட்டேன். அவர் ஊசிக்குப் போன அன்றைக்கு நான் கத்தியைத் தூக்குவேன். சாட்சி பழனியம்மாள். இதில் எனக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இனிமேல் பாயிடம் சண்டை போடுகிற உரிமையும் போய்விட்டது. பிரபாகர் போன் பண்ணினால், "துணி ஓய்வுல இருக்குதுங்க தம்பி," என்று நானே சொல்லுகிற நிலைமை வந்துவிட்டது. ஒரு தடவை அவன் கேட்டான்: "ஏண்ணா, உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

மறுநாளே காற்றடிக்கிற பைப்பை ஷெட்டிலிருந்து கழற்றி, பின்பக்கம் வெட்டவெளியில் வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறதே என்று எல்லோரும் முனகினார்கள். முனகட்டும். பாயின் மேலிருக்கும் பாசத்தால் மாற்றினேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு. மருந்து ஒரு பக்கம் இறைக்க, என் பைப் மறுபக்கம் ஊற்றினால் அந்த டாக்டரம்மா என்னைத்தானே பிடிக்கும்.

அப்புறம் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விஷயம். ஒரு நாள் காலையில் மேளதாளத்தோடு சுகம் வந்து இறங்கும் என்று பாய் எதிர்பார்த்தார். அப்படி எதுவும் வரவில்லை. காலையில் இழுப்பார், கொப்பளிப்பார், என்னை முறைப்பார். சாயங்காலம் அதே வேலை. "எப்படி இருக்குதுங் பாய்?" என்றால், "அப்படியேதான் இருக்குது. உங்க துணிக்காகத்தான் இழுக்கறேன்," என்பார். என் துணியாம்! சில ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்ததாக சைதுன்னிசா சொன்னது. நீலத்தை அடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாராம். ஊசிக்குப் போகவில்லை.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்த சமயம், பழனியம்மாள் என்னிடம் புகார் கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, மாஸ்டர் பண்றது நாயமுங்களா? நேத்து நானும் அந்தப் பிள்ளைகளும் பேசீட்டிருக்கறோம், முதுகுக்குப் பின்னாடி வந்து நிக்கறாரு. இன்னிக்குங் காலைல அதே மாதர. வர்ற சத்தமே கேக்கமாட்டீங்குது. மொதல்லயெல்லாம் வாசக் கேட்டத் தாண்டும்போதே விசில் வரும், நாங்களும் சுதாரிச்சுக்குவோம். இப்படித் திருட்டுப் பூனையாட்டம் வந்தா என்னங் பண்றது?"

நான் நேராகப் பாயிடம் போய், "கொஞ்சம் மூச்சு உடுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"உடுங்கன்னா உடுங்க."

விட்டார். அந்தக் கீச்சுச் சத்தம் இல்லை. காதைப் பக்கத்தில் கொண்டு போய்க் கேட்டேன். ரொம்பக் கவனித்தால் அடியில் எங்கேயோ லேசாக ஒரு இழை. அவ்வளவுதான்.

"பாய், விசிலக் காணோம்!"

அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். சட்டைப் பையில் எதையோ தொலைத்த ஆள் மாதிரி தடவினார். கடைசியாக எப்போது நீலத்தை அடித்தார் என்று சைதுன்னிசாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். சைதுன்னிசாவுக்கும் சரியாக ஞாபகம் இல்லை. பிறகு, "இன்னும் முழுசா எறங்கலீங்க," என்றார். துணியைச் சொல்லுகிற அதே குரலில்.

சரியாகிவிட்டதே என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது, மூச்சுக்குழாயை அது பிடித்து வைத்திருப்பதால்தான் இந்தச் சுகம் என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லியிருக்கிறார். பாய் நிறுத்தவில்லை. மாஸ்க்கையும் கழற்றுவதில்லை. எனக்குத்தான் விடிவு இல்லை. அவர் இழுக்கிற வரைக்கும் ஒப்பந்தம் நிற்குமே!

இன்று காலை அவர் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். கிளம்புகிற நேரம் பார்த்து லாரி வந்து ரோலை இறக்கியது. கூடவே பிரபாகரின் போன், சாயங்காலத்துக்குள் வெட்டியே ஆக வேண்டும் என்று. பாய் அவசரப்படவில்லை. மாஸ்க்கை இழுத்துவிட்டு, ரோலைப் பிரித்து, ஆள் வைத்து உதறி ரேக்கில் போட்டார். அட்டையை மாட்டினார். பிறகு தன் சேரை இழுத்து ரேக்குக்கு முன்னால் போட்டு, என்னைக் கையைக் காட்டி அழைத்தார். இதை நான் எழுதிக்கொண்டிருப்பதும் அந்தச் சேரில் உட்கார்ந்துதான். போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்துவிட்டது.

"எனக்கு ஆயிரம் வேல கெடக்குதுங் பாய்," என்று அவர் அழைத்தபோதே சொன்னேன்.

"கெடக்கட்டும். நான் டாக்டரம்மாவப் பாத்துட்டு வர்ற வரைக்கும் இந்தச் சேர விட்டு எந்திரிக்காதீங்க," என்றார். ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்து, மாஸ்க்கை இறக்கி, என்னைப் பார்த்து ஒரு முழு மூச்சை இழுத்து விட்டார், வேண்டுமென்றே. "துணி மேல யாரையும் கை வெக்க உடாதீங்க. முக்கியமா உங்கள."